மடிப்பு மத்தியாஸ்

ரொட்டியை இரண்டாக மடித்து, மெல்லத் திறந்து, உள்ளே ஏதாவது எழும்புகிறதா என்று பார்க்காமல் மத்தியாஸ் வாயில் வைப்பதில்லை. உள்ளே இருக்கும் தேங்காய்ச் சம்பல் எழும்பாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் பார்ப்பார். ஒருநாள் உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று ரொட்டியோடு ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றுவிட்டது. அதைத் தின்ன மனம் வராமல் ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். "இந்த மனுசனுக்குக் கெழங்குகூடப் புள்ளையாப் போச்சு" என்று அவர் மனைவி தெரேசா அதை எடுத்துக் கோழிக்குப் போட்டாள்.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், பெட்டி அடிப்பது அவர் வேலை. தோட்டத்தின் பெயர் வேண்டாம். இதில் வரும் பெரிய கங்காணியார் பத்திரிகை வாசிக்கமாட்டார் என்றாலும், வாசித்துச் சொல்ல ஆட்கள் வைத்திருக்கிறார். பலகையை நிறுத்தி, மூலைக்குத் தகரப் பட்டி வைத்து, உள்ளே ஈயத்தாளும் வெள்ளைத்தாளும் விரித்து, மூடி அடித்து, மேலே தோட்டத்து முத்திரையைக் கறுப்பு மையில் பதிப்பதுவரை எல்லாம் மத்தியாஸ்தான். ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டே வேலை செய்வதால் பேச்சு உதட்டின் ஒரு ஓரத்தால்தான் வரும். வாயில் ஆணி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படித்தான் பேசுவார். பழக்கம் யாரை விட்டது.

அவர் மனிதர்களைப் பார்ப்பதே வேறு தினுசு. ஆள் கறுப்பா சிவப்பா, நல்லவனா கெட்டவனா என்பதெல்லாம் அவர் கண்ணில் படுவதில்லை. எங்கே மடிகிறான் என்பதுதான் கணக்கு. ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடும் இராமையாவைக் காட்டி, "அண்ணனுக்கு முட்டியில ஒரு மடிப்பு, இடுப்புல ஒரு மடிப்பு. லேசா மூடிரலாம்" என்பார். பூசை நேரத்தில் கோயில் முழுக்க முழங்காலில் இருக்க, இவர் மட்டும் நின்றுகொண்டு யார் யார் எப்படி மடிகிறார்கள் என்று வேடிக்கை பார்த்துச் சாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. தோட்டத்தில் அவரை மடிப்பு மத்தியாஸ் என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கு அதில் கொஞ்சமும் கோபமில்லை.

இந்தப் பைத்தியம் அறுபதாம் வருஷத்து நத்தார்ப் பண்டிகையோடு பிடித்தது. ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவுக்குச் சீமையிலிருந்து ஒரு வாழ்த்து மட்டை வந்திருந்தது. திறந்தால் மாட்டுத் தொழுவம் எழும்பி நிற்கும். மாடு, கழுதை, மாதா, சூசையப்பர், வைக்கோலில் பாலன். மூடினால் எல்லோரும் படுத்துக்கொள்வார்கள். மத்தியாஸ் அதைத் திறந்தும் மூடியும் பார்த்துக்கொண்டே நின்றதில் ஒரு பெட்டிக்கு மூடி அடிக்க மறந்துபோனார். இந்த மனிதனிடமிருந்து இதைத் திரும்ப வாங்கினால் நமக்குத்தான் பாவம் என்று நினைத்தோ என்னவோ, டீமேக்கர் ஐயா "நீயே வச்சுக்க மத்தியாஸ்" என்று கொடுத்துவிட்டார்.

தெரேசா பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா. விடியுமுன் தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போவார்கள். கூடை கண்ணுக்கு மறைந்ததும் ஒரு பிள்ளை தொடங்கும், அதைப் பார்த்து அடுத்தது, பிறகு மொத்தக் காம்பராவும் ஒரே ராகத்தில் அழும். ஸ்டோர் மிஷின் சத்தத்தையும் தாண்டி அந்த அழுகை மத்தியாஸின் காதில் விழும். அவர்களுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அந்த அழுகை கேட்டால் மத்தியாஸுக்கு ஆணி நேராக இறங்காது. ஒருநாள் தெரேசா வாழ்த்து மட்டையைக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் முன்னால் திறந்தாள். காம்பரா அப்படியே அடங்கிப்போனது. மத்தியாஸ் பெட்டிக்கு அடித்த சுத்தியலை நிறுத்திவிட்டு, என்னமோ ஏதோ என்று ஓடிவந்து பார்த்தார்.

அந்தச் சுகம் ஒரு வாரம் நீடித்தது. பிறகு ஒரு பிள்ளை சூசையப்பரைத் தின்றுவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை பூசைக்கு வரும் சாமியாரிடம் மத்தியாஸ் இது பாவமா என்று கேட்டார். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு உண்டா என்று சாமியார் திருப்பிக் கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் பாவமில்லை என்று சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறுகிற மாதிரி தன் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"நீங்களே ஒண்ணு செஞ்சு குடுங்களேன்" என்றாள் தெரேசா. "பெருசா. கதையோட. தின்ன முடியாத மாதிரி."

அன்று தொடங்கியது புத்தக வேலை. அட்டைக்கு உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகை. தாளுக்கு டீமேக்கர் ஐயா கழித்துப் போடச் சொன்ன கிழிசல்கள். ரேஷன் மாவைக் காய்ச்சிப் பசை. புலிக்கு நிறம் ஏற்றச் சுண்டக் காய்ச்சிய தேயிலைச் சாயம், கோடுகளுக்கு முத்திரை மை, வாய்க்கு வெற்றிலைச் சாறு. வெற்றிலை போடும் வழக்கமில்லாத தெரேசா புலிக்காக இரண்டு நாள் மென்று துப்பினாள்.

கதையும் அவளுடையதுதான். புலி ஒன்று காலையில் பெரட்டுக்கு வருகிறது. பெரட்டு என்றால் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலைக்குப் பிரிக்கும் இடம். புலியைக் கண்டதும் ஜனம் விழுந்தடித்து ஓடுகிறது. பெரிய கங்காணி மட்டும் அசையவில்லை. தைரியத்தால் அல்ல, அவர் மூக்கு எப்போதும் வானத்தைப் பார்த்தபடி இருப்பதால் எதிரே நிற்பது யாரென்று தெரியவில்லை. ஒருநாள் வேலைக்கு ஒரு பேர், பிந்தி வந்தால் அரைப் பேர் என்பது தோட்டத்துச் சட்டம். "பிந்தி வந்தவனுக்கு அரைப் பேருதான், போ போ" என்கிறார் கங்காணி. புலி மறுபேச்சில்லாமல் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறது. கதை அவ்வளவுதான்.

முதலில் பிள்ளையார் பிடிக்கக் குரங்காகத்தான் முடிந்தது. புத்தகத்தைத் திறந்தவுடன் புலி வாயைப் பிளந்துகொண்டு முன்னால் பாய்கிற மாதிரி மத்தியாஸ் வைத்திருந்தார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் மலையிலிருந்து தாய்மார் கூடையோடு இறங்கி ஓடிவந்தார்கள். பாயை அலசிக் காயப்போட்டுவிட்டுத் தெரேசா சொன்னாள்: "அழுகைய நிப்பாட்டச் சொன்னா, அழுகைக்குப் பெரட்டு வச்சிருக்கீங்க." மத்தியாஸ் இரண்டு நாள் யோசித்துப் புலியின் முதுகில் ஒரு கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டார். பிறகு ஒரு பிள்ளையும் பயப்படவில்லை. அம்மா மாதிரிக் கூடை போட்டிருப்பது எப்படிக் கெட்டதாக இருக்கும். ஆனால் பிள்ளைகள் காத்திருந்தது புலிக்காகக்கூட அல்ல. கங்காணி எழும்பி நிற்கும் ஏட்டுக்காகத்தான். அதைத் திறந்ததும் பேச்சு வந்ததும் வராததுமான எல்லா வாயும் சேர்ந்து "அரப்பேருதேன்" என்று கத்தும். அப்புறம் சிரிப்பு. காலை அழுகை எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

வினை இராமையாவின் உருவத்தில் வந்தது. புத்தகத்தைப் பார்க்க வந்தவர் முன்னால் மத்தியாஸ் கங்காணி ஏட்டைத் திறந்தார். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, ஈயத்தாளில் வெள்ளிப்பூண் போட்ட தடி, வானத்தைப் பார்த்த மூக்கு. இராமையா சட்டென்று தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு "சலாமுங்க" என்றார். சொன்ன பிறகுதான் தாளுக்குச் சலாம் போட்டது உறைத்தது. நாற்பது வருஷத்துப் பழக்கம், உடம்பு தானாகச் செய்துவிட்டது. வெட்கத்தை மறைக்க ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டுமே என்று மூடச் சொல்லிப் பார்த்தார். ஏடு மூடும்போது கங்காணி மெல்ல முன்னால் சாய்ந்து, இடுப்பை மடித்து, தலைப்பாகை புலியின் காலில் படக் குனிந்தார்.

"அடியாத்தி" என்றார் இராமையா. "கங்காணியாரு புலி கால்ல விழுறாரு."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. மறுநாளே பெரிய கங்காணி சிவசாமி, குடையும் தடியுமாகப் பெட்டிக் காம்பரா வாசலில் வந்து நின்றார். ஒரு காலத்தில் அவர் இருமினால் தொழிலாளர் லயத்தில் விளக்கு அணையும். யூனியன் வந்த பிறகு அவர் இருமலுக்கு யாரும் திரும்புவதுகூட இல்லை. கைகட்டி நிற்பவர்கள் குறைந்துகொண்டே வந்ததில், தன் முதுகை நிமிர்த்தி வைத்திருப்பதையே அவர் முழுநேர உத்தியோகமாக வைத்துக்கொண்டார். ஆனாலும் வேலை பிரிக்கும் கண்டாக்கையாவின் காதில் அவர் போடும் ஒரு சொல்லுக்கு இன்னும் பெறுமதி உண்டு.

"என்னாய்யா மத்தியாஸு, பொஸ்தகத்துல என்னையப் போட்டிருக்கியாம். சந்தோசம். குனிய வச்சிருக்கியாமே?"

மத்தியாஸ் ஆணிகளை வாயிலிருந்து எடுத்தார். அது அவர் பெரியவர்களுக்குத் தரும் மரியாதை. "குனிய வைக்கலீங்க ஐயா. மடிப்பு. பொஸ்தகம் மூடணும்னா உள்ள இருக்க எல்லாரும் மடங்கித்தான் ஆகணும். புலிகூட மடங்குதுங்க."

"புலி மடங்கட்டும். மாரியாத்தாளுக்கும் தொரைக்கும் தவிர இந்த ஒடம்பு எவனுக்கும் மடங்குனதில்ல. நான் மடங்காம பொஸ்தகத்த மூடு. இல்லேன்னா பெரட்டுல ஒனக்கு மம்பட்டிதான்."

"அப்ப ஐயாவ எடுத்துரட்டுங்களா?"

"எடுத்துப் பாரு" என்றார் கங்காணி. புத்தகத்தில் இருப்பதும் கௌரவம், அதிலிருந்து போவதும் அவமானம். அந்த மனிதரைச் சொல்லியும் குற்றமில்லை.

மத்தியாஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெட்டிக் காம்பராவை விட்டால் அவருக்குப் போக்கிடமில்லை. சின்ன வயதில் மழையிலும் அட்டைக்கடியிலும் மம்பட்டி பிடித்து நெஞ்சுச் சளியோடு சாகக் கிடந்துதான் ஸ்டோருக்கு வந்தவர். திரும்ப மலைக்கு அனுப்பினால் உடம்பு தாங்காது, கையும் கெட்டுப்போகும். கங்காணியை வெட்டி எடுத்துவிட்டால் பிள்ளைகள் விடியற்காலையில் என்ன சொல்லிச் சிரிக்கும் என்பதும் அவரை அரித்தது. "வேணாங்க, பொஸ்தகத்தையே அடுப்புல வச்சுரலாம். எனக்கு நீங்க வேணும்" என்று தெரேசா அழுதேவிட்டாள். மத்தியாஸ் புத்தகத்தைத் திறந்து கங்காணியைப் பெயர்த்தெடுத்தார்.

குனியாமல் மூட எத்தனை வழி உண்டோ அத்தனையும் பார்த்தார். முதலில் பின்பக்கம் சாய்கிற மாதிரி ஒட்டினார். கங்காணி மல்லாக்கப் படுத்து, மூக்கு வானத்தைப் பார்க்க, பாடையில் வைத்த மாதிரியே இருந்தது. பிறகு உருவத்தின் நடுவே நெடுக்காக மடிப்பு வைத்தார். குனியவில்லைதான். ஆனால் மூடும்போது மூக்கின் மேலேயே மடிந்து, இடது கண்ணும் வலது கண்ணும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. செய்தி எப்படியோ போய், "நான் என்ன வெத்தலையாடா மடிக்கிறதுக்கு" என்று கங்காணி ஆளிடம் சொல்லி அனுப்பினார்.

மூன்றாவதாகச் செய்ததுதான் பெரிய கூத்து. மடிப்பே வேண்டாமென்று கங்காணியை நெட்டையாக வெட்டி, ஏட்டோடு ஏடாகப் படிய வைத்தார். குனிய இடமில்லை. ஆனால் ஆள் அட்டையைவிட உயரம். புத்தகத்தை மூடினால் கங்காணியின் தலையும் தலைப்பாகையும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பசை காய வாசலில் வைத்திருந்தபோது இராமையாவின் ஆடு அந்தப் பக்கம் வந்தது. மாப்பசை வாசம் ஆட்டுக்குப் பொறுக்குமா. கழுத்துவரை நறுக்கென்று கடித்துத் தின்றுவிட்டது.

"கங்காணியாரு தலைய ஆடு தின்னுருச்சு" என்று இராமையா போட்ட சத்தம் மேல் லயத்துக்கு ஒரு மாதிரியாகவும், அடுத்த டிவிஷனுக்கு இன்னொரு மாதிரியாகவும் போய்ச் சேர்ந்தது. பொழுது சாய்வதற்குள் கங்காணியின் சம்பந்தி கோடித் துணியும் ஊதுவத்தியுமாக அழுதபடி வந்து இறங்கினார். செத்தவர் வாசலில் உட்கார்ந்து பால் கலக்காத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சம்பந்திக்கு அழுகையை உடனே நிறுத்தத் தெரியவில்லை. கொண்டுவந்த துணியை என்ன செய்வதென்றும் இருவருக்கும் தெரியவில்லை.

அதோடு கங்காணி கெடு வைத்துவிட்டார். சனிக்கிழமை பிள்ளைகளை எடுக்கத் தாய்மார் வரும் நேரம் பிள்ளைக்காம்பராவுக்கு வருவாராம். ஊர் பார்க்க, அவர் கண் பார்க்க, புத்தகத்தை மூட வேண்டுமாம். உள்ளே இருப்பவர் இம்மியளவு குனிந்தாலும் திங்கட்கிழமை மம்பட்டி. கண்டாக்கையாவிடம் பேசியும் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியாஸ் ஸ்டோர் வாசலில் ரொம்ப நேரம் சும்மா நின்றார். மேகம் இறங்கி எதிர்மலையை மூடிக்கொண்டிருந்தது. பிறகு வீட்டுக்கு வந்து, மேல் அட்டையின் உட்புறத்தில் ஒரு மலை வரைந்தார். அந்த அட்டையைத் தூக்கி நிறுத்தினால் மலை சுவர் மாதிரி நிற்கும். கங்காணியின் காலைக் கீழ் ஏட்டில் ஒட்டவில்லை. முதுகை மட்டும் இரண்டு தாள் பட்டியால் மலையோடு பிடித்துவிட்டார். மலை நின்றால் அவர் நிற்பார். மூடுவதற்காக அட்டையைச் சாய்த்தால் மலை சாயும், அவர் மலைக்கு முன்னால் விறைப்பாக நின்றபடியே கூட வருவார்.

தெரேசா திரும்பத் திரும்ப மூடிப் பார்த்தாள். "இதுவும் விழுறதுதானேங்க?"

"அவரு விழல" என்றார் மத்தியாஸ். "மலைதான் விழுது."

சனிக்கிழமை பிள்ளைக்காம்பராவில் கூடை வைக்க இடமில்லை. தாய்மார் சுவரோரம் நின்றார்கள், இராமையா ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டு வந்திருந்தார். சிமெந்துத் தரையில் புத்தகம் இருந்தது. கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக எதிரே வந்து தடியை ஊன்றி நின்றார். தெரேசா ஒரு பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிச் செபம் சொல்லத் தொடங்கினாள். மத்தியாஸ் புத்தகத்துக்குப் பின்னால் முழங்காலிட்டு மேல் அட்டையைத் தூக்கினார். மலை எழுந்தது. மலைக்கு முன்னால் கங்காணி. "அரப்பேருதேன்" என்று பிள்ளைகள் கத்தின. கங்காணியின் மீசை கொஞ்சம் ஆடியது.

"சரி. மூடு."

மத்தியாஸ் அட்டையை மெல்லச் சாய்த்தார். பாதி வந்ததும் எதிரே நின்ற கங்காணிக்கு அட்டையின் முதுகுதான் தெரிந்தது.

"நில்லு. உள்ள என்னா நடக்குதுன்னு தெரியல."

"மேல இருந்து பாத்தா தெரியாதுங்க ஐயா. கொஞ்சம் தாழ்ந்து பாருங்க."

கங்காணி கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். போதவில்லை. இடுப்பை வளைத்தார். "நேராத்தான் நிக்கிறேன்" என்றார், சந்தேகத்தோடு. அட்டை இன்னும் தாழ்ந்தது. தடியைக் கீழே வைத்துவிட்டு ஒரு முழங்காலை ஊன்றினார். அட்டை இன்னும் தாழ்ந்தது. மறு முழங்காலையும் ஊன்றிக் கையிரண்டையும் தரையில் வைத்தார். கோட்டின் வால் பின்னால் மேலே எழும்பி நின்றது. தாய்மாரில் ஒருத்தி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சந்தான் இருக்குங்க ஐயா. இதுலதான் எல்லாரும் மடங்குறது. நல்லாப் பாத்துக்கங்க."

கங்காணி கன்னத்தைச் சிமெந்தில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். தலைப்பாகை தரையில் பட்டது.

"தெரியுதுங்களா?"

"தெரியுதுய்யா" என்று தரையிலிருந்து குரல் வந்தது. அதில் அப்படியொரு நிம்மதி. "மடங்கவேயில்ல. நேரா நிக்கிறேன். ஜோரா நிக்கிறேன்."

அட்டைக்கும் ஏட்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை மிச்சமிருந்தது. அதையும் மூடினால் கங்காணி எழுந்துவிடுவார். மத்தியாஸ் நிமிர்ந்து தெரேசாவைப் பார்த்தார். பிறகு, கனமான பலகை கையை இழுத்தும் அந்த ஒரு விரற்கடையை மூடாமல், வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார்.